புக்கெட்டில் நான் இல்லாத நாட்கள்

என் பெற்றோர் ஜெர்மனிக்கு வருவதற்கு இரண்டு முறை விசா கேட்டார்கள். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். இவர்கள் ஊருக்குத் திரும்பிப் போவார்கள் என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தது. என் அப்பா முப்பத்தோரு வருஷம் ஒரே டிப்போவில் அரசு பஸ் ஓட்டியவர். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் படுத்தாலும் மறுநாள் கோவில்பட்டிக்குத் திரும்பிவிடுவார். கடிதத்தில் இருந்ததை நான் போனில் தமிழில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"சரி விடு. நடுவுல ஏதாவது ஒரு ஊர்ல பாத்துக்கிடுவோம்" என்றார்.

அப்படித்தான் தாய்லாந்து வந்தது. இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. கடல் இருக்கிறது. ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போகும்போதும் விடுமுறை முழுவதும் பேங்க், மின்சார ஆபீஸ், இரண்டு கல்யாண வீடு என்று ஓடிவிடும். "வந்துட்டுப் போனியா, வராமயே போனியான்னு தெரியல" என்று அம்மா சொல்வாள். அம்மா வெளியில் தங்கியதென்றால் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில், அதுவும் ஒரே ஒரு தடவை. அவளை ஒரு நல்ல ஹோட்டலில் தங்கவைக்க வேண்டும், யாரோ சமைத்ததை அவள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஈஸ்டர் விடுமுறையில் பத்து நாள். புக்கெட்டில் கடலை ஒட்டிய ஹோட்டலில், நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள். முதல் ஒரு வாரம் அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகள், நான் என்று எல்லோரும் ஒன்றாக. பெற்றோர் சென்னைக்குக் கிளம்பிய பிறகு கடைசி மூன்று நாள் எங்களுக்கு. மகள் பிறந்ததிலிருந்து நானும் மனைவியும் அப்படி எங்கேயும் போனதில்லை. எங்கள் திருமண நாளுக்கு மணலிலேயே மேஜை போட்டுச் சாப்பாடு தருவார்கள் என்று பார்த்து அதையும் பதிவு செய்து வைத்திருந்தேன்.

நான் வால்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் குடியிருப்பு அனுமதி அட்டை மார்ச் மாதத்தோடு முடிவதாக இருந்தது. நான்கு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, தயவுசெய்து நினைவூட்டல் அனுப்பாதீர்கள் என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. பழைய அட்டை முடிந்து புதியது வராத நாட்களுக்கு ஒரு இடைக்காலச் சான்று தருவார்கள். அது இருந்தால் வெளிநாடு போய்விட்டுத் திரும்பலாம். அதை வாங்க டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்துத் தரும் நேரம், வேண்டும். இணையதளத்தில் டெர்மின் தேடும் பக்கத்தைத் தினமும் காலையில் ஏழு மணிக்குத் திறப்பேன். எல்லா நாளும் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போனால் வாசலில் நிற்கும் காவலர் டெர்மின் தாளைக் கேட்பார். அந்தத் தாளை வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பார்.

மனைவிக்குத் தனி வேலை, தனி அட்டை. அவளுடையதும் மகளுடையதும் இன்னும் இரண்டு வருஷத்துக்குச் செல்லும்.

கிளம்பும் சனிக்கிழமை நானும் பெட்டி கட்டிக்கொண்டு பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் காலாவதியான அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "போவதற்குத் தடையில்லை. ஆனால் திரும்பும்போது இதை வைத்து உங்களை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்" என்றாள். இது எனக்கும் தெரிந்ததுதான்.

மனைவி வரிசையை விட்டு என்னை ஓரமாக இழுத்தாள். "நீங்க வராதீங்க. நான் பாத்துக்கறேன். அங்க மாட்டிக்கிட்டா திரும்ப சென்னைக்குப் போய், புது விசா அப்ளை பண்ணி... எத்தன மாசம் ஆகும்? வேலை என்ன ஆகும்?"

"அப்பாட்ட என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்லுங்க."

அவளுக்கும் அப்பாவுக்கும் பேச்சு அதிகம் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. முதல் இரண்டு வருஷம் அவளைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. "அந்தப் பிள்ள சாப்ட்டுச்சா" என்று அம்மாவிடம்தான் கேட்பார். அப்படிப்பட்டவரோடு ஒரு வாரம் அவளைத் தனியாக அனுப்புகிறேன். மகள் என் கையை விடவில்லை. அடுத்த விமானத்தில் அப்பா வந்துவிடுவேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவர்கள் பாதுகாப்புச் சோதனைக்குள் போன பிறகு, பெட்டியை இழுத்துக்கொண்டு எஸ்-பான் ரயிலில் ஏறினேன். என் பெட்டியில்தான் மகளுடைய நீச்சல் வளையம் இருந்தது.

அப்பாவை அழைத்தபோது அவர் சென்னை விமான நிலையத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு அட்டைக்காக்கும்?" என்றார். பிறகு, "சரி. போன்ல வா" என்றார்.

போனில்தான் போனேன். அங்கே இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றால் எனக்குப் பிற்பகல் இரண்டு. என் மதியச் சாப்பாட்டை அந்த நேரத்துக்குத் தள்ளி வைத்தேன். மேஜையில் தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைப்பார்கள். நான் இங்கே சமையலறை மேஜையில் ரசம் சோற்றோடு உட்காருவேன். அப்பா முதல் நாளே யானைப் படம் போட்ட அரைக்கால் சட்டை வாங்கியிருந்தார். வாழ்நாளில் வேட்டியும் காக்கி பேன்ட்டும் தவிர வேறு எதிலும் அவரை நான் பார்த்ததில்லை. காலை உணவுக்கு நாற்பது வகை வைத்திருப்பதாகவும், தான் தர்பூசணியும் அவித்த முட்டையும் மட்டும் எடுத்ததாகவும் சொன்னார். "எதத் தொட்டாலும் மீன் வாசம் அடிக்குய்யா" என்று அம்மா ஒரு பக்கம் முறையிட்டாள். மீன் சாஸ் இல்லாமல் அவளுக்கு மட்டும் காய் வதக்கித் தரச் சொல்லி மனைவி சமையல்காரரிடம் போய்ப் பேசியிருக்கிறாள். மறுநாளிலிருந்து அம்மா உட்காருவதற்கு முன்பே அந்தத் தட்டு வந்துவிடுமாம்.

மூன்றாம் நாள் அப்பா தன் தட்டிலிருந்த மாம்பழத் துண்டுகளை எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார். "நீ சாப்பிடும்மா" என்றார். அவள் நிமிர்ந்து போனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வியாழக்கிழமை, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், அதே நேரத்தில் அழைத்தார்கள். அன்று கடற்கரையில் கூரை வேய்ந்த உணவகம். அப்பா படகில் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். படகோட்டி இன்ஜினைத் திருப்பிய விதத்தை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "ஒத்தக் கையில வளைக்கான்யா..." என்றவர் அந்தச் சொல்லிலேயே நின்றார். கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. அதை ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மாமா?" என்றாள் மனைவி.

மேஜை ஆடியது. போன் மல்லாக்க விழுந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரையின் ஓலையும், அதிலிருந்து தொங்கிய காகித விளக்கு ஒன்றும்தான். நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. அம்மா "ஐயோ, ஏங்க, ஏங்க" என்றாள். யாரோ அந்த ஊர் பாஷையில் கத்தினார்கள். விளக்கு மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. என்னாச்சு, என்னாச்சு என்று நான் கத்தினேன். அந்த இரைச்சலில் ஒரு போனுக்குள்ளிருந்து வரும் குரலை யார் கேட்கப் போகிறார்கள்.

மகள் போனை எடுத்தாள். அவள் முகம் திரை முழுவதும் தெரிந்தது. "அப்பா, தாத்தா வாய் ஒரு பக்கமா போயிடுச்சு. ஒரு அங்கிள் தூக்குறார்."

"அம்மாட்ட குடு, போன அம்மாட்ட குடு."

மனைவி வாங்கினாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பக்கவாதமாக இருக்கலாம், மணியைக் குறித்து வை, தண்ணீர் கொடுக்காதே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

"தெரியுது. கட் பண்ணுங்க" என்றாள். "நான் போன் பண்ணணும்."

கட் செய்தேன். அந்த நேரத்தில் நான் செய்ய முடிந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அரை மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. அவள் போனை நான் அழைத்து இடைஞ்சல் செய்யக் கூடாது. ஹோட்டல் வரவேற்புக்கு அழைத்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசினாள். என் பெயரில்தான் அறைகள் பதிவாகியிருக்கின்றன என்றேன். அவள் கணினியில் பார்த்தாள்.

"ஆமாம் சார், உங்கள் பெயர் இருக்கிறது. ஆனால் நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று காட்டுகிறதே."

"வரவில்லை. நான் ஜெர்மனியில் இருக்கிறேன். என் அப்பாவுக்கு உங்கள் உணவகத்தில்தான் உடம்புக்கு முடியாமல் போயிருக்கிறது."

"மன்னிக்க வேண்டும் சார். தங்கியிருக்கும் விருந்தினர்களைப் பற்றி வெளியாருக்குச் சொல்ல அனுமதியில்லை."

அவள் மேல் தவறில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணைத் திட்டினேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்காவது போகலாம் என்று காரை எடுத்தேன். கதவில் தாள் ஒட்டியிருந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை. உள்ளே ஒரு பெண் ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். அவள் கையை விரித்து, செவ்வாய் என்று வாயசைத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு மனைவி அழைத்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. நேரத்தில் கொண்டுவந்ததால் ஊசி போட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். வலது கை, பேச்சு, இரண்டும் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த வெயிட்டர்தான் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மணலைத் தாண்டி ரோடு வரை ஓடினாராம். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் ஹோட்டல் வேனில் ஏற்றியிருக்கிறார்கள்.

அம்மா போனை வாங்கினாள். "எய்யா, நீ வந்துருவியா?"

"வந்தா திரும்ப இங்க வர முடியாதும்மா."

"திரும்பிப் போறதப் பெறவு பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்" என்றாள். அதில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை கடைகள் திறந்திருந்தன. ரயிலேறி பிராங்க்பர்ட் போனேன். எங்கள் டிக்கெட்டுகளைப் போட்டுத் தந்த யாழ்ப்பாணத்து அக்காவின் பயண முகவர் கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு சீற் இருக்கு, தம்பி. போறதெண்டால் இப்பவே போடுறன். ஆனா இந்தக் காலாவதியான அட்டையோட திரும்பி வர ஏலாது. அதைச் சொல்லாமல் நான் டிக்கெட் தரமாட்டன்."

"தெரியும்க்கா. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். "எனக்கு இங்க அகதி வழக்கு நடந்துகொண்டிருக்கேக்க ஊரில அப்பா செத்துப்போனார். வெளிக்கிட்டால் எல்லாம் போயிடும் எண்டு சொல்லிச்சினம். நான் போகேல்ல."

"அது சரியான முடிவுதானேக்கா?"

"தெரியேல்ல, தம்பி. இண்டைக்கும் தெரியேல்ல." கணினியைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் சீற்றைப் பிடிச்சு வைக்கலாம். வெளியில போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிச்சு வாங்கோ."

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து மனைவியை அழைத்தேன். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். கஞ்சி ஊட்டிவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறாள். விழுங்கச் சிரமப்படுகிறாராம், ஒரு கரண்டிக்கு ஐந்து நிமிஷம் ஆகிறதாம்.

"ஒரு சீட் இருக்கு. வரவா?"

"என்னக் கேக்காதீங்க, ப்ளீஸ்." அவள் குரல் உடைந்திருந்தது. "வாங்கன்னு சொன்னா நாளைக்கு வேலை போனா நான்தான் காரணம். வராதீங்கன்னு சொன்னா மாமாவுக்கு ஏதாவது ஆனா நான்தான் காரணம். ரெண்டையும் என் தலையில வைக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டு அவள் போய்விட்டாள்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மக்கள் ஈஸ்டர் முட்டைப் பெட்டிகளோடும் பூங்கொத்துகளோடும் ரயிலுக்கு ஓடினார்கள். எழுந்து கடைப் பக்கம் நடந்தேன், பாதித் தெருவில் நின்றேன், திரும்ப வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். போகக் கூடாது என்று நான் முடிவு செய்யவே இல்லை. நான்கு மணி கடந்துபோக விட்டேன், அவ்வளவுதான். நான்கு பத்துக்கு அக்கா அழைத்தார். "சீற்றை விட்டிட்டன், தம்பி. பத்திரமா வீட்டை போங்கோ" என்றார்.

திங்கட்கிழமை என் தங்கை கணவர் சென்னையிலிருந்து புக்கெட் போய்ச் சேர்ந்தார். அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது, ஏறினார், இறங்கினார். செவ்வாய் காலை ஆறரைக்கே நான் அலுவலக வாசலில் நின்றேன். மனைவி அனுப்பிய ஆஸ்பத்திரித் தாளை நீட்டினேன். அன்று காவலர் என்னை உள்ளே விட்டார். உள்ளே இருந்தவர் அதே செடிப் பெண். தாளைக் கவனமாகப் படித்தாள். உண்மையாகவே வருந்தினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டாக்டரின் முத்திரை இல்லை. முத்திரையோடு மறுநாள் கொண்டுபோனேன். பொறுப்பான அதிகாரி விடுப்பில் இருக்கிறார், அடுத்த செவ்வாய் டெர்மின் தருகிறேன் என்றாள். அவளே ஒரு காகிதத்தில் நேரத்தை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள்.

இடையில் ஞாயிறன்று மனைவியும் மகளும் திரும்பிவிட்டார்கள். மறுநாள் பள்ளி திறக்கிறது. விமான நிலையத்தில் மனைவி என் தோளில் தலையைச் சாய்த்தபடி நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. மணலில் போட்ட அந்த இருவர் மேஜை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். ரத்து செய்ய மறந்துவிட்டோம். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்காகப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்தார்களாம். அவளும் மகளும் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பா விழுந்த பிறகு அன்றுதான் முழுதாகச் சாப்பிட்டாளாம்.

மகள் காரில் வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள். துண்டை மடித்துக் கட்டில் மேல் யானை செய்து வைப்பார்கள். நீச்சல் குளத்தில் சறுக்கு மரம் இருந்தது. மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் சேர்த்துத் தருவார்கள். தாத்தா இடது கையால் அவளோடு கை மல்லு போட்டார். "அடுத்த தடவ நீயும் வா அப்பா, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

செவ்வாயன்று சான்று கைக்கு வந்தது. பத்து நிமிஷ வேலை. ஒரு தாள், மூன்றாக மடித்தது, புகைப்படம், முத்திரை. அப்பா அம்மாவோடும் தங்கை கணவரோடும் சென்னைக்குப் போகும் விமானத்தில் அந்த நேரம் இருந்தார். அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனேன்.

அப்பா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த யானை அரைக்கால் சட்டையைத்தான் போட்டிருந்தார். மாற்றிவிடுவது சுலபம் என்று அம்மா சொன்னாள். பேச்சு பாதி வந்திருந்தது. சில சொற்கள் தெளிவாக வரும், சிலது வராது, வராத சொல்லுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் மாமா பார்க்க வந்தார். "எப்படிண்ணே விழுந்தீக?" என்று கேட்டார். அப்பா கடல் என்றார், சாப்பாடு என்றார், கரண்டி என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவன்தான்... தூக்குனான்."

"யாரு?"

"எம் மவன். தோள்ல... போட்டு... மணல்ல ஓடுனான்." ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். கண் கலங்கியிருந்தது. "விடல. என்ன விடல."

நான் வாயைத் திறந்தேன். கதவருகே நின்ற அம்மா, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அங்கிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தங்கை இரண்டு முறை திருத்திப் பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் குழம்பிப்போய், அன்று முழுவதும் பேசாமல் இருந்துவிட்டாராம்.

கண்டக்டர் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள, கூட இருந்தீரு. அந்நிய தேசத்துல புள்ள பக்கத்துல இல்லன்னா என்ன கதி?"

"ஆமா மாமா" என்றேன்.

"ஹோட்டல்லாம் நல்லா இருந்துச்சா?"

நல்லா இருந்துச்சு என்றேன். அவர் மேலும் கேட்க, கேட்க, கடலைப் பார்த்த இரண்டு அறையைப் பற்றியும், நாற்பது வகைக் காலை உணவைப் பற்றியும், அம்மாவுக்குத் தனியாக வந்த காய்த் தட்டைப் பற்றியும் சொன்னேன். எதிலும் தடுமாறவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.